மூன்றாம் வகை

தார்த்து நகரில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே இருட்டு.
ஆய்வகத்து ஹீட்டர் இருமி இருமிச் சூடாகும்.
மேசைமேல் இழுப்பறை வைத்த ஒரு பெட்டி,
வளையத்தில் கோத்த இருபது சாவிகள்,
நிறுத்தற்கடிகாரம்,
நான்.

வருகிறவர்களுக்குச் சிக்கல்களைக் கொடுப்பேன்,
அவர்கள் விழிப்பதை நொடிக்கணக்கில் குறிப்பேன்.
இதற்குச் சம்பளமும் உண்டு.

முதல் வகையில்
தொடக்கம் தெரியும், முடிவு தெரியும்,
எப்படி நகரலாம் என்பதற்கு விதியும் உண்டு.
எதிரெதிரே நிற்கும் பொம்மை ரயில்பெட்டிகளை
ஒற்றைக் கிளைப்பாதை வழியே இடம் மாற்றுவார்கள்.
பொறுமைசாலி முடித்துவிடுவார்.
பொறுமையற்றவரும் முடிப்பார், கொஞ்சம் வியர்த்து.

இரண்டாம் வகை, இந்த இழுப்பறை.
"உள்ளே இருக்கும் நாணயத்தை எடுத்துத் தாருங்கள்."
அவ்வளவுதான் சொல்வேன்.
பூட்டியிருக்கிறது என்று நான் சொல்வதில்லை.
சாவிக்கொத்து சொல்லிவிடுகிறது.

சராசரி பதினோரு நிமிடம்.
சட்டம் படிக்கும் ஒருத்தி அழுதாள்.
ரொட்டிக்கடைக்காரர் எரிச்சலில் பெட்டியைச் சாய்க்க
இழுப்பறை தானே வழுக்கி வந்தது.
உடைத்துவிட்டதாக எண்ணி
என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஹெல்துர் வந்தது ஒரு வியாழன்.
முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர்,
ரேகைகளில் இன்னும் கிரீஸ்.
சாவிகளைப் பல்வாரியாகப் பிரித்தார்,
தேய்ந்தது தனி, துருப்பிடித்தது தனி.
இருபதையும் போட்டுப் பார்த்தார்.
பிறகு கடைசியிலிருந்து முதல்வரை.
பூட்டுத்துளையில் காதை வைத்துக் கேட்டார்.
தொழில் தெரிந்த கைக்கு
சும்மா இழுத்துப் பார்க்க வரவில்லை.
இருபத்தாறாம் நிமிடம் நானே இழுத்துக் காட்டினேன்.
வெகுநேரம் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

படிவத்தின் பின்பக்கம் கடைசிக் கேள்வி:
உங்கள் வாழ்வில் தீராத சிக்கல் ஒன்றை எழுதுக.
கட்டம் கட்டி இடம் விட்டிருக்கும்,
தொடக்க நிலை, இலக்கு நிலை, அனுமதிக்கப்பட்ட நகர்வுகள்.

அவர் எழுதியிருந்தார்:
தங்கை ஹில்யா. ஒன்பது வருடமாய்ப் பேச்சில்லை.
தொடக்கம், அப்பாவின் படகு.
அவளைக் கேட்டால் வேறு சொல்வாள்.
இலக்கு, சமாதானமா?
ஒரு தடவை அவள் என் பெயரைச் சொல்வதா?
படகா? படகு மக்கிப்போயிற்று.
மூன்றாம் கட்டத்தில் பேனா ஊன்றிய புள்ளி மட்டும்
மை ஊறிப் பெருத்திருந்தது.

பாடநூல் இதை ஒரே வரியில் கடக்கிறது:
வரையறை குலைந்த சிக்கல்.
விடைத்தாள் கிடையாது,
தீர்ந்ததா இல்லையா என்பதே
தீர்க்கவேண்டிய இன்னொன்று.
கணினியில் "3" என்று தட்டினேன்.
எனக்கும் ஒரு மூன்று உண்டு.
எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை.

டிசம்பரில் மறுபடி வந்தார்,
மறந்துபோன கையுறையைத் தேடி,
தொப்பியெல்லாம் பனி.
"அந்த இழுப்பறையையே நினைத்துக்கொண்டு
பஸ் ஏறி வில்யாந்திக்குப் போனேன்.
பூட்டியிருக்கிறது என்று
நானாக வைத்துக்கொண்டேனோ என்று.
தட்டவில்லை. கைப்பிடியை இழுத்தேன்."

பேனாவை எடுத்துவிட்டேன், பழக்கதோஷம்.

"பூட்டித்தான் இருந்தது."

ஹீட்டர் இருமியது.

"சமையலறையில் விளக்கு எரிந்தது.
ரேடியோ ஓடியது.
அவ்வளவு தெரிந்துகொண்டேன்."

ஒரு கையுறையை மாட்டிக்கொண்டார்,
மற்றது கோட்டுப்பையில்.
கதவருகே போனவர் மேசையைத் திரும்பிப் பார்த்தார்.
"அந்த இருபது சாவியை
ஒரு வாரம் இரவல் தருவீர்களா?"

கொடுக்கலாம் என்று விதியில் இல்லை,
கூடாதென்றும் இல்லை.
வளையத்தோடு கொடுத்தேன்.

மறுநாள் வந்த மாணவன்
பெட்டி மட்டும் இருந்த மேசையைப் பார்த்தான்.
நான்கு நொடி.
நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து
"இதில் என்ன சிக்கல்?" என்றான்.